தறி எங்கம்மா?

பெரியவர் படத்தை முழுசாகப் பார்த்தார். பதினெட்டு நிமிடம். தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, என் லேப்டாப்பைத் தொடையில் தாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "மூஞ்சி நல்லா வந்திருக்கு. பேச்சும் தெளிவா கேக்குது. ஆனா தறி எங்கம்மா?" என்றார்.

தறி திரையில் இருந்தது. படத்தில் பாதி நேரம் அதுதான் தெரிகிறது. அவர் கேட்டது அதன் சத்தத்தை. ஒன்பது வயதில் கோர்வை போடும் பையனாக உட்கார்ந்தவர், இப்போது எழுபத்துநான்கு. அறுபத்தைந்து வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருக்கும் சத்தத்தை நான் ஒரே இரவில், ஒரே ஒரு குமிழைத் திருகித் துடைத்து எடுத்துவிட்டேன். சுத்தமாக இருக்கிறது என்று எனக்குள் மகிழ்ந்தும் இருந்தேன்.

நான் காஞ்சிபுரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். மினி டி.வி. (MiniDV) கேசட் காலத்தில் ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. பெரியவரின் பேத்தி தன் கல்யாணத்துக்காக வந்து கேட்டது வழக்கமானது இல்லை. மகாபலிபுரம் கடற்கரையில் நின்று எடுக்கும் ஜோடிப் படமெல்லாம் வேண்டாம், தாத்தா என் முகூர்த்தப் பட்டை நெய்கிறார், அதைப் படமாக எடுங்கள், வரவேற்பு அன்று மண்டபத்துத் திரையில் போடவேண்டும் என்றாள். பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு நாள் போய்வந்தோம்.

பெரியவருக்கு ஒரு பழக்கம். கை நின்றால் அவருக்குப் பேச்சு வராது. "உக்காந்து பேசுங்க ஐயா, தறியை அப்புறம் ஓட்டலாம்" என்று நாற்காலி போட்டோம். இரண்டு நிமிடம் தரையைப் பார்த்தபடி இருந்தார். தறிக்குழியில் காலை இறக்கி மிதியைத் தொட்டதும் பேச ஆரம்பித்தார். அதனால் பேட்டி முழுவதும் தறி ஓட ஓடவே எடுத்தது. காலர் மைக்கை அவர் பனியனில் குத்தியிருந்தோம். மைக்குக்கு மனுஷன் எது, மரம் எது என்று தெரியாது. மிதிகட்டை கீழே இறங்கும்போது 'தும்' என்று ஒரு அடி, நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வழுக்கும் சரசரப்பு, மேலே ஜக்கார்டு பெட்டியின் 'கிளக்', கடைசியில் அச்சு வந்து ஊடையை நெருக்கி அடிக்கும் 'டக்'. இந்த நான்கோடும், தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியோடும் சேர்ந்துதான் அவர் குரல் எங்களுக்குக் கிடைத்தது.

இந்த இடத்தில் நான் பயன்படுத்தும் மென்பொருளைப் பற்றிச் சொல்லவேண்டும். டாவின்சி ரிசால்வ். இலவசமாகவே கிடைக்கிறது, கூடுதல் வசதிகள் வேண்டுமானால் ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் ஸ்டுடியோ பதிப்பும் உண்டு. திரையின் அடியில் வரிசையாக ஏழு பொத்தான்கள் இருக்கும். முதலாவது படத்தை உள்ளே கொண்டுவர, அடுத்த இரண்டும் வெட்ட ஒட்ட, நான்காவது வரைகலை வேலைக்கு, ஐந்தாவது நிறம் சரிசெய்ய, ஏழாவது முடித்த படத்தை வெளியே எடுக்க. ஆறாவதில் ஓர் இசைக்குறி படம் போட்டிருக்கும். அதன் பெயர் ஃபேர்லைட். என்னைப்போல் கல்யாண வீடியோ செய்கிற பலருக்கும் மற்ற ஆறும் தண்ணீர் பட்ட பாடு. ஆறாவதை மட்டும் தொடமாட்டார்கள். பாட்டு ஒன்றைப் போட்டு மூடிவிட்டால் போதும் என்பதுதான் தொழிலில் எல்லாருக்கும் இருக்கும் எண்ணம். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் இருந்தேன்.

திறந்து பார்த்தால் படம் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். திரை முழுக்க ஒலி அலைகள் விரியும். ஒவ்வொரு டிராக்குக்கும் தனித்தனி ஃபேடர், தனித்தனி ஈக்யூ, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள், அளவுமானிகள். கோடம்பாக்கத்து மிக்ஸிங் கூடத்தில் ஒரு மேசை நிறையக் கிடக்கும் சாமான்களின் சாரம் ஒரு லேப்டாப்புக்குள் அடங்கியிருக்கிறது.

இது எப்படி இங்கே வந்தது என்பது நல்ல கதை. ஃபேர்லைட் என்பது உண்மையில் ஒரு படகின் பெயர். 1975-ல் சிட்னியில் கிம் ரைரி, பீட்டர் வோகல் என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ரைரியின் பாட்டி வீட்டு வழியாகத் துறைமுகத்தில் போய்வந்துகொண்டிருந்த படகின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1979-ல் அவர்கள் கொண்டுவந்த கருவி இசை உலகத்தையே திருப்பிப் போட்டது. ஒரு கண்ணாடி உடையும் சத்தத்தை மைக்கில் பதிந்து, அதையே கீபோர்டு கட்டைகளில் சுரம் சுரமாக வாசிக்கலாம். பீட்டர் கேப்ரியலும் கேட் புஷ்ஷும் அதை வைத்துப் பாட்டு செய்தார்கள். பிற்பாடு அந்த நிறுவனம் சினிமா, தொலைக்காட்சி ஒலி வேலைக்கான இயந்திரங்களின் பக்கம் திரும்பியது. டாவின்சி ஏற்கெனவே நிறத்திருத்தத்துக்குப் பேர்போன கருவி. மெல்போர்னில் உள்ள பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2009-ல் அதை வாங்கியது. 2016-ல் ஃபேர்லைட்டையும் வாங்கியது. மறு வருடம் வந்த 14-ஆம் பதிப்பில் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஒரே கூரை என்பதுதான் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். முன்பெல்லாம் நல்ல சவுண்டு வேண்டுமென்றால் படத்தை வெட்டி முடித்து, இனி மாற்றமில்லை என்று பூட்டி, ஒலியை மட்டும் தனியாக எடுத்து வேறொருவரிடம் கொடுப்போம். அவர் புரோ டூல்ஸ் என்ற ஒலி மென்பொருளில் பத்து நாள் உழைத்துக்கொண்டிருப்பார். இங்கே பெண் வீட்டார் வந்து, "சித்தப்பா வர்ற இடத்த காணோமே, சேத்துடுங்க" என்பார்கள். மூன்று விநாடி ஷாட் ஒன்றைச் சேர்த்தால், அதற்குப் பிறகு வரும் அத்தனை சத்தமும் மூன்று விநாடி தள்ளிப்போகும். அங்கே செய்த வேலையை இங்கே பொருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இப்போது அப்படி இல்லை. படத்தில் ஒரு ஷாட்டைச் சேர்த்தால் ஒலியும் கூடவே நகர்கிறது. நானே வெட்டுகிறேன், நானே கேட்கிறேன். வால்டர் மர்ச் என்ற அமெரிக்கர் 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' படத்துக்காகப் படத்தொகுப்பு, ஒலி இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கினார். வெட்டுவதும் கேட்பதும் ஒரே ஆள் செய்யக்கூடிய வேலை என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, தறிக்கு வருகிறேன்.

நான் செய்த தவறு இதுதான். ஸ்டுடியோ பதிப்பில் குரலைப் பிரித்தெடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது. மனிதக் குரல் எப்படியிருக்கும் என்று ஏராளமான பதிவுகளை வைத்துக் கணினிக்குப் பழக்கியிருப்பார்கள். அது குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு குமிழ். எவ்வளவு தள்ளவேண்டும் என்று நாம்தான் சொல்லவேண்டும். நூறில் வைத்தேன். தறி போயிற்று, மின்விசிறி போயிற்று, கொல்லைப்புறக் குயில் போயிற்று. பெரியவரின் குரல் மட்டும் தனியாக நின்றது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும், குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு மழுங்கல். அதையும் கவனித்தேன், அது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். என் காது தமிழ் சினிமாவில் வளர்ந்த காது. 1931-ல் 'காளிதாஸ்' வந்த காலத்தில் நடிகர்கள் படப்பிடிப்பிலேயே பேசிப் பாடினார்கள். பிறகு படப்பிடிப்பு ஸ்டுடியோவை விட்டு வெளியே போனது. அதற்கு வசதியாகக் கையில் தூக்கிப்போகும் ஆரிஃபிளெக்ஸ் கேமரா வந்தது. அது ஓடும்போது தையல் மெஷின் போலச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் எடுத்த வசனம் உதவாது என்பதால் எல்லாவற்றையும் பிறகு டப்பிங் கூடத்தில் பேசிச் சேர்த்தார்கள். வயலில் நின்று பேசினாலும், ரயிலில் போய்க்கொண்டே பேசினாலும் குரல் மட்டும் பஞ்சு ஒட்டிய அறையிலிருந்து வந்தது. நாம் இரண்டு மூன்று தலைமுறையாக அதைத்தான் 'தெளிவான சவுண்டு' என்று பழகியிருக்கிறோம். 2004-ல் 'விருமாண்டி' படப்பிடிப்பிலேயே குரலைப் பதிந்து வந்தபோது, ஆள் நிற்கும் இடமும் சேர்ந்து காதில் விழுந்தது. தியேட்டரில் எனக்கு அது புதிதாக இருந்தது நினைவிருக்கிறது. அந்த நினைவு இருந்தும், என் கையில் கருவி வந்ததும் நான் பஞ்சு ஒட்டிய அறையைத்தான் கட்டினேன்.

பெரியவர் கேட்ட பிறகு மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தேன்.

சத்தத்தில் இரண்டு சாதி உண்டு. மின்விசிறி, ஏசி, குளிர்சாதனப் பெட்டி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் சத்தம் மாறாமல் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். கதவு, குக்கர் விசில், தறி, தெருவில் போகும் பைக் ஆகியவை வந்து வந்து போகும். இரைச்சல் குறைக்கும் சாதாரணக் கருவி முதல் சாதிக்குத்தான் உதவும். அது வேலை செய்யும் முறை எளிது. யாரும் பேசாத, வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும் இடம் ஒன்றைக் காட்டி, "இதைத் தெரிந்துகொள்" என்று ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அந்த இரைச்சலின் சாயலை அது மனத்தில் வாங்கிக்கொண்டு, மற்ற இடமெங்கும் அதே சாயலைக் கழிக்கும். இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை, இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது. மின்விசிறியை அதில் கழித்தேன். முழுக்க அல்ல, பாதிக்குச் சற்று மேல். முழுக்கக் கழித்தால் குரலின் 'ச'வும் 'ஸ'வும் தண்ணீருக்குள் போய்விடுகின்றன, ஏனென்றால் அந்த எழுத்துகளும் காற்றின் இரைச்சல்தான்.

ஒயரிலிருந்து வந்த 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் ஒன்றும் இருந்தது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அதனால் அந்த ரீங்காரமும் 50 ஹெர்ட்ஸில், அதன் மடங்குகளான 100, 150-ல் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் இதே ரீங்காரம் 60-ல் இருக்கும். அதற்கென்றே ஒரு கருவி ஃபேர்லைட்டில் உண்டு. 50 என்று சொன்னால் போதும், ஊசியால் முள்ளை எடுப்பதுபோல அதை மட்டும் எடுத்துவிடும். இது எனக்கு அந்த வாரம் முழுவதும் கிடைத்த ஒரே சுலபமான வேலை.

தறி இரண்டாம் சாதி. அதைக் கழிப்பதும் கடினம், கழிக்கவும் கூடாது. அதனால் ஒரே பதிவை இரண்டு டிராக்கில் வைத்தேன். ஒன்றில் குரலைப் பிரித்தெடுத்த பிரதி. அதற்குக் கீழே, கை வைக்காத பிரதி. அதில் தறியும் உண்டு, குரலும் உண்டு. இரண்டும் ஒரே பதிவு என்பதால் பிசகாமல் சேர்ந்து ஓடும். மேலே உள்ளது பேச்சு புரிவதற்கு. கீழே உள்ளது அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிவதற்கு. இனி வேலை, கீழே உள்ளதை எப்போது எவ்வளவு ஏற்றுவது என்பது மட்டும்தான்.

டிஜிட்டல் ஒலியில் உச்சி பூஜ்யம். அதற்குக் கீழே எல்லாம் கழித்தல் குறி போட்டுத்தான் எழுதுவார்கள். பத்து டெசிபல் குறைத்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியாகத் தோன்றும். பெரியவர் பேசும்போது தறி டிராக்கைப் பன்னிரண்டு டெசிபல் இறக்கினேன். பேச்சை நிறுத்தி நூலைப் பார்க்கும் இடங்களில் மெல்ல ஏற்றினேன். இதை எண்ணாகத் தட்டச்சு செய்யாமல் கையாலேயே செய்யலாம். படம் ஓடிக்கொண்டிருக்க, ஃபேடரைப் பிடித்து ஏற்றி இறக்கினால் அந்த அசைவு அப்படியே பதிவாகிறது. மிருதங்கக்காரர் பாட்டைக் கேட்டுக் கையை அடக்குவதுபோல, அவர் குரலைக் கேட்டு என் விரலை அடக்கினேன். முதல் தடவை விரல் பின்தங்கியது. நான்காவது தடவையில், அவர் மூச்சு விடும் இடம் எனக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது.

அடுத்தது ஈக்யூ. ஒலியைத் தாழ்ந்தது, நடுத்தரம், உச்சம் என்று பகுதி பகுதியாகப் பிரித்து, வேண்டியதை ஏற்றவும் வேண்டாததை இறக்கவும் செய்யும் கருவி அது. ஒவ்வொரு டிராக்கிலும் ஆறு பட்டைகள் உண்டு. மிதிகட்டையின் 'தும்' குரலுக்கும் கீழே கிடந்தது. ஆண் குரலின் அடிநாதம் பெரும்பாலும் 85 ஹெர்ட்ஸுக்கு மேல்தான். எனவே குரல் டிராக்கில் 80-க்குக் கீழே உள்ளதை வெட்டினால் குரலுக்கு ஒரு சேதமும் இல்லை, மிதிகட்டையின் அதிர்வு மட்டும் இறங்கும். அச்சு அடிக்கும் 'டக்' வேறு வகை. அது கீழிருந்து மேல் வரை எல்லாப் பகுதியிலும் சிதறும் அடி. சொற்களின் தெளிவு இருக்கும் 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பகுதியிலும் வந்து மோதும். அதனால் தறி டிராக்கில் அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினேன். இரண்டு பேர் ஒரு வாசலில் நுழையும்போது ஒருவர் தோளைச் சாய்ப்பாரே, அதேதான். தறி அப்படியே இருந்தது, சொல்லும் காதில் விழுந்தது.

இப்போது வெட்டுவதைப் பற்றி. என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பேட்டியில் பெரியவர் இருமுவார், 'வந்து' 'வந்து' என்பார், பாதியில் மனைவியைப் பார்த்து "தார் சுத்திட்டியா" என்று கேட்பார். சிலவற்றை எடுக்கத்தான் வேண்டும். படத்தை வெட்டும்போது குறைந்த அளவு ஒரு ஃபிரேம். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் நாற்பது மில்லி விநாடி. படத்துக்கு அது மிகச் சிறியது. பேச்சுக்கு அது பெரியது. ஒலியை விநாடிக்கு 48,000 துளிகளாகப் பதிகிறோம், அப்படியானால் ஒரு ஃபிரேமுக்குள் 1,920 துளிகள். ஃபேர்லைட் பக்கத்தில் அந்தத் துளி அளவுக்கே இறங்கி வெட்டலாம்.

நம் இலக்கணக்காரர்கள் இதைக் கருவி இல்லாமலே அளந்து வைத்திருக்கிறார்கள். கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. மெய்யெழுத்துக்கு அதில் பாதி. 'பட்டு' என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் நாக்கு மேலண்ணத்தை அடைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் குரல் இல்லை, திரையில் ஒலி அலை தட்டையாகப் படுத்திருக்கும். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அது வெற்றிடம், வெட்டிவிடலாம் என்று தோன்றும். வெட்டினால் பட்டு நசுங்கிப் 'படு'வின் சாயலுக்குப் போய்விடும். இப்போது மௌனமான இடங்களைத் தானாகவே கண்டுபிடித்து வெட்டித் தள்ளும் வசதிகள் நிறைய வந்துவிட்டன. தமிழில் அவற்றைப் பயன்படுத்தும்போது மிகக் கவனமாக இருக்கவேண்டும். நம் இரட்டிக்கும் வல்லினங்கள் எல்லாம் அந்த மௌனத்தில்தான் நிற்கின்றன. பட்டு நெய்கிற ஊரில் பட்டு என்ற சொல்லையே நான் கெடுத்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு 'ட்டு'வையும் பெரிதாக்கிப் பார்த்துத்தான் வெட்டினேன்.

வெட்டிய இடம் வெறுமையாக இருந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். விசிறிச் சத்தமும் வீட்டின் மூச்சும் திடீரென்று நின்று, அரை விநாடி கழித்து மறுபடி தொடங்கும். அந்தக் குழியை நிரப்ப அதே அறையின் வெறும் சத்தம் வேண்டும். சினிமாக்காரர்கள் இதை ரூம் டோன் என்பார்கள். முதல் நாள்களில் நாங்கள் அதை எடுத்திருக்கவில்லை. மறுபடி போனோம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தெரு எழுவதற்கு முன்னால். யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையைப் பதிந்தோம். பிறகு பெரியவரைப் பேசாமல் தறியை மட்டும் ஓட்டச் சொன்னோம். மைக்கைப் பனியனிலிருந்து எடுத்து, ஒரு தடவை மிதிக்குப் பக்கத்தில், ஒரு தடவை ஜக்கார்டு பெட்டிக்குக் கீழே, ஒரு தடவை வாசல்படியில் வைத்தோம். தெருவில் நடந்து வருகிறவர் காதில் ஒரு தறி எப்படிக் கேட்கும் என்பதை வாசல்படி மைக் கொடுத்தது. படம் அந்தச் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. முதலில் திரை கறுப்பு. தறி மட்டும் தூரத்தில். பிறகுதான் தெரு தெரிகிறது.

இந்தக் கருவிகளால் முடியாததும் உண்டு. அதை மறைக்கக்கூடாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் என்றதும் நாதஸ்வரமும் தவிலும் ஒரே மூச்சில் ஏறின. கேமராவில் ஒலி அளவு தானியங்கி முறையில் இருந்தது. சத்தம் திடீரென்று ஏறினால் கேமரா பயந்து தன் காதைப் பொத்திக்கொள்ளும். சத்தம் நின்ற பிறகு மெதுவாகத்தான் கையை எடுக்கும். மேளம் நின்ற அந்தச் சில விநாடிகளில்தான் பெண்ணின் பாட்டி குனிந்து அட்சதை போட்டு ஏதோ சொன்னார். வாய் அசைவது தெரிகிறது, சொல் இல்லை. மேளத்தின் உச்சியோ, கேமரா காதைப் பொத்துவதற்குள் பூஜ்யத்தில் போய் இடித்து, ஒலி அலை மொட்டையாகச் சீவப்பட்டிருந்தது. பாட்டி அடுத்த வருடம் காலமானார். அந்தப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, ஆத்தா என்ன சொன்னாங்கன்னு எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டாள். இரண்டு நாள் போராடினேன். பதியாத சொல்லை எந்தக் கருவியாலும் கொண்டுவர முடியாது. அதிலிருந்து நான் போகும் ஒவ்வொரு கல்யாணத்திலும் தானியங்கி அளவை அணைத்துவிட்டு, மணவறைக்குப் பக்கத்தில் தனி ரெக்கார்டர் ஒன்றை, அளவை மிகவும் தாழ்த்தி வைத்துவிடுகிறேன். தாழ்ந்த பதிவைப் பிறகு உயர்த்தலாம். சீவிப்போன பதிவை ஒட்டவைக்க முடியாது.

பெரியவரின் படத்துக்குக் கடைசி வேலை அளவு பார்ப்பது. ஒலி எவ்வளவு பெரிதாகக் காதுக்குப் படுகிறது என்பதை அளக்க இப்போது உலகம் முழுக்க எல்யூஎஃப்எஸ் என்ற அலகு இருக்கிறது. மீட்டரில் ஊசி எங்கே துள்ளுகிறது என்பதை விட்டுவிட்டு, மனிதக் காது உணரும் சராசரியை அது கணக்கிடும். ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் 2010-லிருந்து மைனஸ் 23 என்று ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. நிகழ்ச்சியைவிட விளம்பரம் அலறுவதை நிறுத்தத்தான் அது வந்தது. யூடியூப் ஏறக்குறைய மைனஸ் 14-ஐ அளவாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் கத்தினால் தானாகவே இறக்கிவிடும், கீழே இருந்தால் அப்படியே விட்டுவிடும். ஆகவே மற்றவர் படத்தைவிடச் சத்தமாகக் கேட்கவேண்டும் என்று இழுத்து இழுத்து ஏற்றுவதில் ஒரு பயனும் இல்லை. ஃபேர்லைட்டில் இந்த அளவுமானி மேலே வலது பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். படம் முழுவதையும் ஒரு தடவை ஓடவிட்டுச் சராசரியைப் பார்த்துக்கொள்வேன்.

கல்யாண மண்டபம் எந்த வரம்புக்கும் கட்டுப்படாது. வரவேற்புக்கு முந்தின நாள் மாலை, நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, மண்டபத்து ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம். ஹெட்போனில் இதமாக இருந்த மிதிகட்டை அங்கே இடியாக இறங்கியது. மேடைக்குக் கீழே இருந்த பெரிய ஸ்பீக்கர்கள் தாழ்ந்த ஒலியை அப்படி ஊதிப் பெருக்கின. லேப்டாப்பை அங்கேயே திறந்து, தறி டிராக்கிலும் 100-க்குக் கீழே உள்ளதை இறக்கினேன். ஐந்து நிமிட வேலை. வெளியே ஒருவரிடம் கொடுத்திருந்தால் அன்று மாலை இது நடந்திருக்காது.

நான் ரிசால்வைப் பற்றியே பேசியது அது என் கையில் இருப்பதால். பிரீமியர் புரோவில் வேலை செய்கிறவர்களுக்கும் இதற்கு நிகரான வசதி இருக்கிறது. இது பேச்சு, இது இசை, இது சத்தம், இது சூழல் என்று ஒவ்வொரு கிளிப்பையும் இனம் சொல்லிவிட்டால், அந்தந்த இனத்துக்குத் தேவையான குமிழ்களை மட்டும் அது காட்டும். பேச்சு வரும்போது பாட்டு தானே தழையவும் வைக்கலாம். ஃபைனல் கட்டிலும் குரலைப் பிரிக்கும் வசதி வந்துவிட்டது. தியேட்டரில் ஓடப்போகும் படம் என்றால் நல்ல ஒலிப்பொறியாளரும் அதற்கென்று கட்டிய அறையும் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒரு கல்யாணப் படத்துக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, பள்ளி ஆண்டுவிழாவுக்கு, தாத்தாவின் பேட்டிக்கு, நம்மிடம் ஏற்கெனவே இருப்பது போதும். ஒரு நல்ல மூடிய ஹெட்போன் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை படத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக் கேளுங்கள்.

வரவேற்பு அன்று எட்டு மணிக்குப் படம் ஓடியது. கறுப்புத் திரையில் தறிச் சத்தம் தொடங்கியதும், பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்திருந்த நெசவுக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்த வரிசை சட்டென்று பேச்சை நிறுத்தியது. படம் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர் முதல் வரிசையில் இருந்தார். அவர் வலது கால் தரையில் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, மிதியில் இருப்பதுபோலவே.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அடுத்த தடவை அவர் பேசுவதை ஃபோனிலாவது பதிவு செய்யுங்கள். அவர் பேசி முடித்ததும் உடனே அணைத்துவிடாதீர்கள். எல்லாரும் ஒரு நிமிடம் சும்மா இருந்து, அந்த அறையையும் பதிந்துகொள்ளுங்கள்.